சிலாபமும் சிலாபத்துறையும்: ஒரு கரையோர வீதியின் வரலாறு

இலங்கையின் மேற்குக் கரையிலே ஒரே சொல்லிற் பிறந்த ஊர்ப்பெயர்கள் இரண்டு உள்ளன. ஒன்று சிலாபம், மற்றையது மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த சிலாபத்துறை. முத்துக் குளிக்கும் தொழிலுக்கும் அது நடைபெறும் இடத்துக்கும் சலாபம் என்பது பழைய பெயர். அதன் திரிபே இவ்விரண்டும் என்று கூறுவர். இவ்விரண்டிற்கும் இடையில் அமைந்தது புத்தளம். அளம் என்பது உப்பு விளையும் களம். புதிய அளமே புத்தளமாயிற்று என்பது ஊரார் வழங்கும் விளக்கம். பெயராராய்ச்சியில் எத்தனையோ கற்பனைகள் உண்டு; ஆயினும், முத்துக்கும் உப்புக்கும் பேர்பெற்ற இக்கரைக்கு இவ்விளக்கங்கள் பொருத்தமாகவே அமைந்திருக்கின்றன.

சிலாபத்திலிருந்து புத்தளத்திற்கும், புத்தளத்திலிருந்து சிலாபத்துறைக்கும் கரையை ஒட்டியே ஒரு வீதி செல்கின்றது. ஒரே வீதியாயினும் அதன் இரு பாதிகளுக்கும் வாய்த்த விதி ஒன்றன்று. தென்பாதி, கொழும்பை அடுத்த பேலியகொடையிலே தொடங்கிப் புத்தளத்தில் முடியும் ஏ 3 என்னும் பெருவீதியின் கூறு. அதன் முழு நீளம் ஏறத்தாழ 120 கிலோமீற்றர். இரவும் பகலும் அதிலே பஸ்களும் லொறிகளும் ஓய்வின்றி ஓடுகின்றன. வடபாதியோ பி 379 என்னும் இலக்கம் பெற்றது. அது காட்டுக்குள் புகுந்து, யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் வில்பத்து வனத்தின் ஊடாகச் சென்று, மறிச்சுக்கட்டியில் வெளிப்படுகின்றது. அங்கே வாகனம் செல்லலாமா, செல்லலாகாதா என்பது நீதிமன்றம்வரை சென்ற வழக்கு. ஒரு வீதியின் ஒரு பாதி வளர, மறுபாதி வழக்காக மாறியது எவ்வாறு என்பதை அறிய வேண்டுமாயின் வீதிக்கு முற்பட்ட காலத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இக்கரை வழியே பயணஞ் செய்து தம் அநுபவத்தை எழுதிவைத்தோருள் மிகப் புகழ்பெற்றவர் மொறொக்கோ தேசத்து இபின் பதூதா. கி.பி. 1344 ஆம் ஆண்டில், மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட அவரது கப்பல் காற்றினால் வழிதவறி இலங்கைக் கரையை அடைந்தது. அவர் இறங்கிய ஊரை ‘பத்தாலா’ என்று குறிக்கின்றார். அது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்த அம்மன்னர் விருந்தாளிக்கு முத்துக்களைக் காட்டி மகிழ்வித்தார். வேண்டுவது யாது என வினாவியபோது, பாவாதமலையைத் தரிசிக்க வேண்டும் என்ற ஒன்றையே இபின் பதூதா கேட்டார். மன்னர் பல்லக்கு ஒன்றை அளித்து, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தினர் பதின்மரையும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைவரையும் துணைக்கு அனுப்பினார். முதல்நாள் இரவு தங்கியது ஓர் ஆற்றங்கரையில். அந்த ஆற்றை அவர்கள் மூங்கில் மிதவையிலே கடந்தனர். அதன்பின் சென்ற ஊர்களுள் ஒன்று ‘பந்தர் சலாவாத்’. அதனைச் சிலாபம் எனக் கொள்வர். வழியெங்கும் நீரோடைகளும் யானைக் கூட்டங்களும் இருந்தன என்று எழுதுகின்றார். மலைவெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் பத்தாலாக் கரையிலே குன்றுபோலக் குவிந்து கிடந்தன என்பதும் அவர் தரும் செய்தி. ஒரு முஸ்லிம் யாத்திரிகர், தமிழ் மன்னர் ஒருவரின் பல்லக்கில், யோகியரும் பிராமணரும் உடன்வரப் பௌத்தரும் போற்றும் மலைக்குச் சென்ற வழி இது.

ஆற்றை மிதவையிலே கடந்தார் என்ற அந்தச் செய்தியிலேதான் இக்கரையின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கின்றது. தெற்கிலிருந்து வடக்கே வருவோன் மா ஓயா, தெதுறு ஓயா, பத்துளு ஓயா, மீ ஓயா, கலா ஓயா, மோதரகம் ஆறு என ஒன்றன்பின் ஒன்றாக நீர்களைக் கடத்தல் வேண்டும். மாரியில் அவை கரைபுரளும். கோடையில் சில மணலாய்க் கிடக்கும். இவற்றினிடையே சிலாபக் களப்பு, முந்தல் களப்பு, புத்தளக் களப்பு எனக் கடலுக்குச் சமாந்தரமாக உள்நீர்ப் பரப்புகள் நீண்டுள்ளன. ஆகவே முன்னோர் தரையில் வழி தேடாது நீரிலேயே வழி கண்டனர். ஆற்றைக் கடக்க உதவும் மிதவைக்கு ஈழத்துத் தமிழர் ‘பாதை’ என்றே பெயரிட்டனர். நீருக்கு மேல் மிதப்பதையும் பாதை என்று சொல்லத் துணிந்த அந்த வழக்கு, தரையைவிட நீரையே நம்பியிருந்த மக்களின் மனத்தைக் காட்டுகின்றது.

இந்த நீர்வழியின் அருமையை நன்கு உணர்ந்தவர் ஒல்லாந்தர். புத்தளத் துறை கண்டியரசனுக்கு உரியது. மலைநாட்டுக்கு வேண்டிய உப்பிற் பெரும் பகுதி அங்கிருந்தே பொதிமாடுகளின் முதுகில் ஏறிச் சென்றது. சோறு விளையும் நாட்டிலும் உப்பில்லாமற் சோறில்லை. ஆதலின், களப்பின் வாயிலைக் காவல் செய்வோன் கண்டியின் அடுக்களையையே காவல் செய்தவனாவான். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கற்பிட்டியைக் கைப்பற்றி, 1667 ஆம் ஆண்டிலே கோட்டை கட்டத் தொடங்கி 1676 இல் முடித்தனர். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. களப்புகளையும் ஆறுகளையும் வெட்டுவாய்க்கால்களால் இணைத்துப் புத்தளத்திலிருந்து நீர்கொழும்பு வழியாகக் கொழும்புவரை படகு செல்லும் கால்வாய் அமைத்தனர். உப்பும் கொப்பறாவும் பாக்கும் மரமும் தட்டையான அடியுடைய பெரும்படகுகளில் மெல்ல மெல்ல நகர்ந்தன. கடலின் சீற்றம் அவற்றைத் தொடவில்லை. இன்றும் அக்கால்வாயை மக்கள் ‘டச்சுக் கால்வாய்’ என்கின்றனர். வீதியிலே செல்வோர் பலவிடங்களில் அதனை அருகே காணலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே தரைவழி தலையெடுத்தது. 1848 ஆம் ஆண்டு வீதிச் சட்டம், ஒவ்வோர் ஆடவனும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் பணஞ் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மூண்ட கலகத்துக்கு இச்சட்டமும் ஒரு காரணம். வீதிகளின் சரித்திரத்தை எழுதுவோர் தேசாதிபதிகளின் பெயரையும் பொறியியலாளரின் பெயரையும் எழுதுவர்; ஆறு நாள் மண்சுமந்தவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இக்கரையிலே வீதி இடுவது எளிதன்று. மலைநாட்டிலே பாறையை உடைத்தால் அடித்தளம் கிடைக்கும். இங்கே மணலின்மேல் கிரவல் பரப்பி இறுக்கியே தளங் காணல் வேண்டும். மாரியில் ஆறு பெருகினால் கிரவல் கரைந்து மணல் மிஞ்சும்.

வீதிக்கு வேலை கொடுத்தது தென்னை. மா ஓயாவுக்கும் தெதுறு ஓயாவுக்கும் இடைப்பட்ட வென்னப்புவ, மாரவில, மாதம்பை ஆகிய ஊர்கள் தென்னை முக்கோணத்தின் கரையோர விளிம்பாயின. 1929 ஆம் ஆண்டிலே தென்னை ஆராய்ச்சிக்கான நிலையம் லுணுவிலவில் அமைந்தது. புகையிரதப் பாதை 1909 இல் நீர்கொழும்பையும், 1916 இல் சிலாபத்தையும், 1926 இல் புத்தளத்தையும் அடைந்தது. அதனோடு கால்வாய்ப் படகின் காலம் மெல்ல முடிந்தது. மோட்டார் லொறி வந்தபின் புகையிரதமும் பின்தள்ளப்பட்டது. வீதியோ நிலைத்தது.

இனி, சிலாபத்திலே வழிநடையைத் தொடங்கலாம். ஊருக்குச் சிறிது கிழக்கே, வாரியப்பொலை செல்லும் கிளைவீதியில், முன்னேசுவரம் இருக்கின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த அத்திருக்கோயிலை 1753 ஆம் ஆண்டில் மீள எடுப்பித்தவன் கண்டியரசன் கீர்த்திசிறீ இராசசிங்கன். மகோற்சவ காலத்திலே தமிழரும் சிங்களவரும் கலந்து நிற்கும் கூட்டத்தை அங்கே காணலாம். சிலாபத்தின் வடக்கே தெதுறு ஓயாப் பாலத்தைத் தாண்டியதும் தென்னந்தோப்புகள் ஐதாகத் தொடங்கும். மழை குறையும், முட்செடியும் பனையும் தலைகாட்டும். ஈரவலயம் முடிந்து உலர்வலயம் தொடங்கும் எல்லையை வீதியிற் செல்வோன் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

இவ்வீதியிலே மாறுவது மழையும் மரமும் மட்டுமன்று, மொழியுமாகும். நீர்கொழும்பிலிருந்து சிலாபம்வரையுள்ள கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்கள் பலவற்றில் மூத்தோர் வீட்டிலே தமிழ் பேச, பிள்ளைகள் பள்ளியிலே சிங்களத்தில் எழுதிப் படிக்கலாயினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பள்ளிக்கூடத்தின் போதனாமொழி மாற, ஒரு தலைமுறையில் வழிபாட்டு மொழியும், அடுத்த தலைமுறையில் வீட்டு மொழியும் மாறின. எவரும் எவரையும் வாள்கொண்டு வற்புறுத்தவில்லை; மணியடித்துத் தொடங்கிய வகுப்பே அதனைச் செய்தது. ஆனால், வீதியிலிருந்து கடலோரமாக விலகிக் கிடக்கும் உடப்பு என்னும் கிராமம் தன் தமிழை விடவில்லை. அங்கே திரௌபதை அம்மன் கோயிலிலே ஆண்டுதோறும் தீமிதிப்பு நடைபெறுகின்றது. வீதி தொட்ட ஊர்கள் மாற, வீதி தொடாத ஊர் நிலைத்தது என்று பொதுவிதி கூறிவிட முடியாதாயினும், உடப்பைப் பார்த்தோர்க்கு அந்த எண்ணம் எழாமல் இராது.

முந்தல், மதுரங்குளி என்னும் ஊர்களை அண்டிய நிலத்திலே 1980 களில் ஒரு புதுத்தொழில் பரவியது. அது இறால் வளர்ப்பு. களப்போரக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. விளைச்சல் பணமாகக் கொட்டியது. வீதியோரத்திலே மாடிவீடுகள் எழுந்தன. இறாற் குளங்கள் டச்சுக் கால்வாயிலிருந்தே நீரைப் பெற்றன. கழிவுநீரையும் அதிலேயே விட்டன. ஒருவன் கழித்த நீரை அடுத்தவன் பாய்ச்சினான். 1990 களிலே வெண்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணைக்குப் பண்ணை பரவ அந்தக் கால்வாயே வழியாயிற்று. ஒல்லாந்தர் பண்டங்களை ஏற்றிச் செல்ல வெட்டிய வாய்க்கால் நெடுங்காலம் கழிந்தபின் நோயைச் சுமந்தது. கைவிடப்பட்ட குளங்கள் உவர்நிலமாகக் கிடப்பதை இப்பகுதியில் இன்றும் காணலாம்.

பாலாவிச் சந்தியிலே கற்பிட்டி வீதி மேற்கே பிரிகின்றது. அவ்வீதி நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும், தலவிலைப் புனித அன்னம்மாள் ஆலயத்தையும் கடந்து ஒல்லாந்தர் கோட்டையிலே முடிகின்றது. அந்தக் கற்பிட்டியிலே 1807 இல் பிறந்தவர்தான் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் வழிகளையும் அகரவரிசையிலே தொகுத்து, 1834 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். 1859 இல் தமிழ்ப் புலவர் சரித்திரம் எழுதியவரும் அவரே. களப்போரத்திலே பிறந்த ஒருவருக்கே ஊர்களையும் வழிகளையும் தொகுத்துவைக்கும் எண்ணம் தோன்றியது பொருத்தமானதே.

சந்தியை அடுத்து வெண்ணிறப் பாத்திகள் தோன்றும். புத்தளக் களப்பு தெற்கே மூடுண்டது. வடக்கே கடலோடு கலப்பது. நன்னீர் வரவு குறைவு, வெயில் அதிகம். ஆதலாற் களப்பின் தென்கோடி நீர் கடல்நீரிலும் உவர்ப்பு மிக்கது. அந்நீரை முதலிலே பெரிய தேக்கங்களில் விடுவர். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, சுண்ணச்சத்து முதலிலே படியும். அதனை விடுத்து எஞ்சிய கடுநீரை ஆழமற்ற பாத்திகளுக்குப் பாய்ச்சினால் உப்புப் பூக்கும். முழுவதும் வற்றவிட்டாற் கைப்புச் சேர்ந்துவிடும். ஆகவே உரிய தருணத்திலே அடிநீரை வடித்தல் வேண்டும். உப்பு விளைவது வெயிலாலாயினும், அதனை உண்ணத் தகுந்த உப்பாக்குவது தொழிலாளியின் கண்தான். விளைந்த நாளிலே பெருமழை ஒன்று பெய்தால் வாரக்கணக்கான உழைப்பு ஒரு நாழிகையிலே கரைந்துபோம்.

புத்தளம் நகரத்திலே ஏ 3 வீதி முடிகின்றது. கிழக்கே அநுராதபுரத்துக்கும் குருணாகலுக்கும் பெருவீதிகள் உண்டு. வடக்கே செல்வது மட்டும் சிறுவீதி. அது மீ ஓயாவைத் தாண்டி, வண்ணாத்திவில்லு வழியாக இலவன்குளத்தை அடையும். அப்பால் கலா ஓயா. அங்கே தாம்போதியின்மேல் நீர் புரளுங் காலத்தில் எந்த வாகனமும் கடக்க இயலாது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்து. வில்லு என்பது மழைநீர் தேங்கும் இயற்கைக் குட்டம். அவை நிறைந்த நிலமாதலின் அப்பெயர். 1905 ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்டு, 1938 இல் தேசிய வனமாயிற்று. பரப்பு 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது.

இன்று வனமாயினும் ஆதியில் அது மனிதர் வாழ்ந்த இடமே. கலா ஓயாவின் வடக்கேயுள்ள பொன்பரிப்பிலே தாழியிற் புதைத்த ஈமக்காடு ஒன்று உண்டு. 1920 களிலே முதலில் அகழ்ந்து பார்க்கப்பட்டு, 1970 இலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாராலும் ஆராயப்பட்டது. அத்தாழிகள் திருநெல்வேலிச் சீமை ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. கடலுக்கு இருபுறமும் ஒரே முறையில் இறந்தோரைப் புதைத்த மக்கள் இவ்வழியே நடந்திருக்கின்றனர். அதற்கு மேலே கடலுள் நீண்டு நிற்பது குதிரைமலை. அல்லியரசாணியின் கோட்டை அங்கே இருந்தது என்பது மக்கள் வழங்குங் கதை.

மோதரகம் ஆற்றைக் கடந்தால் மறிச்சுக்கட்டி. அதுவே மன்னார் மாவட்டத்தின் தென்வாயில். முத்துக் குளிப்பு நடைபெற்ற ஆண்டுகளிலே அந்த மணல்வெளியிற் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரம் தோன்றும். கிடுகும் தடியும் கொண்ட தெருக்கள், சந்தை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம் யாவும் எழும். கீழக்கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளிகாரர் வருவர். 1906 இல் அங்கே சிப்பிகளை எண்ணிப் பங்கிடும் கடமையிலே நின்ற இளம் உத்தியோகத்தர், பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனாட் வுல்ஃப். அவ்வாண்டிலே கம்பனி ஒன்றுக்கு முத்துப்பார் குத்தகைக்கு விடப்பட்டது. 1907 இன் பின் பல்லாண்டுகள் பாரிலே சிப்பியில்லை. கம்பனி வந்ததும் முத்துப் போனது என்று ஊரார் பேசியிருந்தால் அதில் வியப்பில்லை.

1980 களில் மூண்ட போரிலே இவ்வீதி பயன்பாட்டினின்றும் நீங்கியது. 1988 இலிருந்து 2003 வரை வில்பத்து வனமே மூடப்பட்டிருந்தது. 2006 ஆம் ஆண்டிலும் அங்கே கண்ணிவெடிக்கு உயிர்கள் பலியாயின. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். சுமார் 75,000 பேர் சில மணிநேர, சில நாள் அவகாசத்திலே வீடு விட்டனர். மன்னார்த் தீவினர் படகேறிக் கற்பிட்டிக் கரையிலே இறங்கினர். மிகப் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். பாலாவியிலும் கற்பிட்டி வீதியின் இரு மருங்கிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. உள்ளூர் மக்கள் தம் தோட்டத்தையும் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பகிர்ந்துகொண்டனர். முதலில் மனமுவந்தும், ஆண்டுகள் நீள நீளச் சற்று மனஞ்சலித்தும் பகிர்ந்தனர் என்பதே உண்மை. அது மனித இயல்பு. ஒரு பள்ளியிலே இரு நேர வகுப்புகள் நடந்தன. வந்தோர் பெற்ற பிள்ளைகள் புத்தளத்திலே பிறந்து, புத்தளத்திலே படித்து, மன்னாரைப் பெற்றோரின் பேச்சிலேயே அறிந்தனர்.

2009 மே மாதத்திலே போர் ஓய்ந்தது. முசலிப் பகுதியைச் சேர்ந்தோர் தம் காணிகளைப் பார்க்கத் திரும்பினர். வயல் சிலாபத்துறைப் பக்கத்தில். பிள்ளையின் பள்ளி புத்தளத்தில். குடும்பம் இரண்டு கூரையின்கீழ் வாழலாயிற்று. அவர்களுக்கு இலவன்குளம் வீதி சுற்றுலா வழியன்று. ஒரு வீட்டின் முன்னறைக்கும் பின்னறைக்கும் இடைப்பட்ட நடைபோன்றது. வனத்தின் ஊடாகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றினால் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். 2010 இலே வழி திருத்தப்பட்டு வாகனங்கள் ஓடத் தொடங்கின. அவ்வாண்டிலேயே சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின.

அவ்வமைப்புகளின் வாதம் இலேசானதன்று. வனத்தின் நடுவே விரைந்து செல்லும் வாகனம் விலங்கை மோதிக் கொல்வது ஒன்று. வீதி வந்தபின் அதனைப் பற்றிக்கொண்டு மரம் வெட்டுவோனும் வேட்டைக்காரனும் புகுவது மற்றொன்று. காடு, வீதியால் இரண்டாகப் பிளவுண்டால் அப்பாலும் இப்பாலும் விலங்கின் நடமாட்டம் குறையும். எல்லாவற்றிலும் மேலாக, தேசிய வனமென்று சட்டம் காத்த இடத்திலே ஒரு விலக்கு அளித்தால் ஏனைய வனங்களுக்கும் அதுவே முன்மாதிரியாகும் என்றனர். மறுபுறத்தார், இது புதுவழியன்று, வனம் பிரகடனமாகுமுன்னரே மக்கள் நடந்த பழைய மன்னார் வழி என்றனர். பழைய தடமும் திருத்திய வீதியும் ஒன்றுதானா என்பதிலும் பிணக்கு எழுந்தது. மாட்டுவண்டித் தடத்திற்கு இருந்த உரிமை, மணிக்கு அறுபது கிலோமீற்றர் ஓடும் லொறிக்கும் உண்டென்று கொள்வது நேரிய நியாயமாகாது. அதுபோலவே, காட்டைக் காக்கும் செலவு முழுவதையும் ஏற்கனவே ஒருமுறை அனைத்தையும் இழந்தோரின் தலையிற் சுமத்துவதும் நியாயமாகாது. காட்டுவழி வேண்டாமெனின், முசலிக்குப் போதிய பள்ளியும் ஆஸ்பத்திரியும் உத்தியோகமும் கொடுப்பதே அதற்கு ஈடாகும். புத்தளத்தையே நாடவேண்டிய தேவை அப்போது குறையும். வீதி பற்றிய வாதங்களிலே இப்பேச்சு மிகச் சிறிதளவே கேட்டது.

வழக்கு ஆண்டுக் கணக்கில் நீண்டது. வனத்தினுட் செல்லும் பகுதி ஏனைய பெருவீதிகள்போல எவரும் எந்நேரமும் செல்லும் வீதியாகவில்லை. சிலாபத்துறையிலிருந்து புத்தளத்திலே நடக்கும் கலியாணத்துக்குச் செல்வோர் முருங்கன் வந்து, மதவாச்சியிலே பஸ் மாறி, அநுராதபுரத்தைக் கடந்து வருகின்றனர். தெற்கே இலவன்குளத்துத் தாம்போதியிலே, கலா ஓயா குறைந்த கோடை நாட்களில், மாடு மேய்ப்போர் நீரிலிறங்கி அக்கரைக் காட்டை நோக்கியவாறு முகங் கழுவுகின்றனர்.